மழையை மலையாக்கிய பட்டியல்

1

சென்ற ஜூன் மாதம் கோலாலம்பூரில் நடந்த புத்தகக் கண்காட்சியிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைக்கப் போனால், அதே தொகுப்பு அங்கே இருந்தது. அதை எடுத்தேன். பின்வரிசையில் இன்னொன்று இருந்தது. என் மனைவி செல்வி அப்போது ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகத் தெரியும்.

"மூணுலயும் ஒரே கதைதானா, இல்ல முடிவு மாறுமா?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பிழை திருத்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். மலாக்காப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, ஓய்வுக்குப் பின் அவள் ஊரிலேயே, காஜா பெராங்கில் ஒரு வரிசை வீட்டில் தங்கிவிட்டேன். வரும்போது இரண்டு பைகள் கொண்டுவந்தேன். ஒன்றில் துணி, ஒன்றில் புத்தகம். துணிப்பை எப்போதோ கிழிந்து போயிற்று. புத்தகப்பை மட்டும் வளர்ந்து கூடம், மாடிப்படி, குளிர்பதனப் பெட்டியின் தலை என்று பரவிவிட்டது.

விசிறிச் சம்பவம் அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் யாழினியின் காதுக்குப் போனது. அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் எண் கொடுக்க வேண்டும் என்று நினைப்பாள்.

"அப்பாவுக்கு ஒரு கேட்டலாக் வேணும். ஆன்லைன்ல போட்டுட்டா கடையில நின்னுக்கிட்டே பார்க்கலாம், வீட்டுல இருக்கா இல்லையான்னு" என்றாள். செல்வி உடனே ஆதரித்தாள். மூன்று பிரதிகளும் மேசை மேலேயே இருந்தன.

2

இணையத்தில் சொந்த நூலகம் அமைத்துக்கொள்ள இலவசமாகவே பல வசதிகள் இருக்கின்றன. கைப்பேசியின் கேமராவைப் பின்னட்டையின் பார்கோடுக்கு நேரே காட்டினால், தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு எல்லாம் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலப் புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. யாழினி ஒரு மாலைப் பொழுதில் நாற்பதை முடித்தாள்.

தமிழ்ப் புத்தகங்கள் வேறு மாதிரி. ஒரு கவிதை நூலைக் காட்டினோம். நாய் வளர்ப்பு பற்றிய ஜெர்மன் புத்தகம் வந்தது. ஒரு நாவலைக் காட்டினோம், எதுவுமே வரவில்லை. பார்த்தால் அந்தக் கோடு கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு. என்னிடம் இருப்பவற்றில் பாதி, கோடு என்ற ஒன்று புத்தக முதுகில் ஏறுவதற்கு முன் அச்சானவை. ஆகவே கையால் அடிக்க வேண்டியதாயிற்று.

அடிக்கும்போது அந்த இணைய நூலக நிரல் இரண்டு கட்டங்களைக் காட்டியது. முதற்பெயர், குடும்பப்பெயர். தமிழ் எழுத்தாளருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். அந்த எழுத்து அப்பா. யாழினி மலேசியாவில் பிறந்தவள். இங்கே அடையாள அட்டையில் தமிழர் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'இன்னாரின் மகன்' என்பதற்கு மலாய்ச் சுருக்கம். பெண்ணென்றால் 'ஏ/பி'. அவளுக்கு இது மூச்சு விடுவது போல. இருநூறு எழுத்தாளர்களுக்கு முன்னெழுத்தைப் பின்னே தள்ளி, நடுவில் 'ஏ/எல்' சேர்த்து, மலேசியக் குடியுரிமை வழங்கிவிட்டாள்.

நிரல் இன்னும் ஒரு படி மேலே போனது. குடும்பப்பெயர்ப்படி அடுக்குவது அதன் வழக்கம். எனவே என் நூலகம் முழுவதும் எழுத்தாளர்களின் அப்பாக்கள் வரிசையில் நின்றது. ஒரு வரிகூட எழுதாத மனிதர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஆச்சரியம் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே நான் ரத்தினம் ஆகிவிட்டேன். அது என் அப்பாவின் பெயர். கிளினிக்கில் ரத்தினம் என்று கூப்பிடுவார்கள், எழுந்து போவேன். குடிநுழைவு அலுவலகத்தில் ரத்தினம் என்று கூப்பிட்டபோது ஒருமுறை எழுந்திருக்க மறந்து, எண் தாண்டிப்போய், மறுபடி வரிசையில் நின்று ஒரு பகலை விட்டேன். அப்பா வாழ்நாளில் பழனியைத் தாண்டிப் போனதில்லை. மலாக்காவில் அவர் பெயரில் இரத்தக் கொதிப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. அவருக்கு இரத்தக் கொதிப்பே கிடையாது.

திருச்சியில் நான் போய்க்கொண்டிருந்த கிளை நூலகத்தில் ஒரு பேரேடு இருந்தது. பிரித்த பக்கம் பிரித்தபடி, கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். அதில் புத்தகங்கள் வந்து சேர்ந்த வரிசையில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். எந்த ஒழுங்கும் கிடையாது. ஆனால் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் நூலகர் தலையைத் தூக்காமல், "ரெண்டாவது ரேக்கு, கீழ, செவப்பு அட்டை" என்பார். அவர் விடுப்பில் போனால் நூலகமே விடுப்பு. இப்படிச் சொல்லி யாழினியிடம் பழைய முறைக்கு வாதாடப் பார்த்தேன். "அப்போ உங்க கேட்டலாக் லீவு போடும். என்னுது போடாது" என்றாள்.

3

நான்கு வீடு தள்ளி மணியம் அண்ணன் இருக்கிறார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு பிறந்ததால், தெருவில் அவருக்கு மெர்டேக்கா மணியம் என்று பெயர். நாங்கள் புத்தகங்களை எண்ணிக்கொண்டிருப்பதைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, ஜூன் கடைசியில் ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்.

பையில் ஒரு சிறு புத்தகம். அட்டை போய்விட்டது. தைத்த கம்பி துருப்பிடித்திருந்தது. உள் பக்கத்தில் தலைப்பு: மழைக் குறிப்புகள். அவருடைய தந்தை சுப்பையா, ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. ஆகவே தோட்ட அலுவலகத்தின் முன்னால் மழைமானி வைத்து நாள்தோறும் அளப்பார்கள். அளந்து ஆங்கிலத்தில் பதிவேட்டில் எழுதுவது கிராணியின் வேலை. சுப்பையா அதோடு நிற்காமல், தனக்கென்று தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். சுதந்திரத்தை ஒட்டிய மூன்று ஆண்டுக் குறிப்புகளைப் பின்னாளில் மலாக்கா நகரத்து அச்சகம் ஒன்றில் சொந்தச் செலவில் அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் தேதி, அங்குலக் கணக்கில் மழை, பக்கத்தில் சின்னக் குறிப்பு.

"நீங்க பத்திரிகைக்காரரு. பாருங்க, தம்பி" என்றார் மணியம் அண்ணன். "ஆகஸ்டு முப்பத்தொண்ணு, சுதந்திர தினத்தன்னிக்கு, புக்கிட் காதில்ல அக்கா வீட்டுல எல்லாரும் சேர்றோம். அப்பா புக்கைக் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள கொடுத்தாப் போதும். இந்த ஒண்ணுதான் இருக்கு."

பார்க்கிறேன் என்று வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தேன். யாழினி அலமாரியில் இருந்ததையெல்லாம் பட்டியலில் ஏற்றிக்கொண்டே போனாள். அதையும் ஏற்றினாள்.

4

ஆகஸ்டு முதல் வாரத்தில் பட்டியல் முடிந்தது. ஆயிரத்து நூற்று இருபத்தாறு புத்தகங்கள். நிரலில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இரண்டு முறை இருக்கும் புத்தகங்களை எடுத்துக் காட்டும். பதினேழு வந்தன. நான் அப்போது கிள்ளானில் ஒரு திருமணத்தில் இருந்தேன். யாழினி அந்தப் பதினேழின் பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்பி, கூடுதல் பிரதிகளைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். பட்டியல் ரோமன் எழுத்தில் இருந்தது. பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சரி என்று அனுப்பினேன்.

முப்பது ஆண்டுகள், படிக்காமல் ஒரு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இதற்குப் போட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை, மணியம் அண்ணன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நினைவூட்டிவிட்டுப் போனார். அலமாரியில் தேடினேன். இல்லை. கைப்பேசியில் தேடினேன். அதுதானே இந்த ஏற்பாட்டின் பயன்? மலைக் குறிப்புகள், ஒரு பிரதி, கூடம், மூன்றாம் தட்டு என்று காட்டியது. மூன்றாம் தட்டில் இருந்தது கொல்லிமலைப் பயணம் பற்றிய தடித்த புத்தகம். அதன் பெயர்தான் மலைக் குறிப்புகள்.

வேலையிலிருந்து யாழினி வந்ததும் கேட்டேன்.

"மலைக் குறிப்புகள் ரெண்டு இருந்துச்சுப்பா. ஒண்ணு அட்டை கிழிஞ்ச பழைய எடிஷன். அதைக் கொடுத்துட்டோம்."

"ஒண்ணு மலை. இன்னொண்ணு மழை."

"ரெண்டும் மலைதானே?"

அவள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. ழகரம் வேறு என்றேன். எழுத்தைக் காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ழ-வுக்கு எல்தானே போடுவாங்க? தமிழுக்கே எல்தானே போடறோம்?"

ஆங்கிலத்தில் தமிழ் என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சொற்களில் ழகரத்தைத் திருத்தியவன், அந்த ஒரு சொல்லில் மட்டும் திருத்தியதே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்ப்பள்ளியில் போடலாம் என்று செல்வி சொன்னாள். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்று வேறு பள்ளியில் போட்டவன் நான். வீட்டில் அப்பா இருக்கிறேனே, எழுத்தை நான் சொல்லித் தரமாட்டேனா என்றேன். மாலை நேரப் பதிப்பு வேலை எனக்கு. பாடம் பாதி எழுத்தோடு நின்றுபோயிற்று.

விஷயம் புரிந்ததும் யாழினி உட்காரவில்லை. சாவியை எடுத்தாள். "வாங்க, பீபிக்கிட்ட போவோம்."

5

பீபிக் என்பது இங்கே வயதில் மூத்த பெண்மணிக்கு மரியாதைச் சொல். கூடுதல் பிரதிகளைப் பெட்டியில் போட்டு நாங்கள் கொடுத்த பீபிக், மலாக்கா செட்டி சமூகத்தவர். சில நூற்றாண்டுகளுக்கு முன் வணிகத்துக்கு வந்து இங்கேயே ஊன்றிப்போன தமிழர்களின் வழித்தோன்றல்கள். பெயர் மீனாட்சி, வீட்டில் மாரியம்மன் படம், நெற்றியில் திருநீறு. பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழ் தெரியாது. கோயில் திருப்பணிக்காகப் பழைய சாமான்களை வாங்கி வீட்டு முன்னால் பரப்பி விற்கிறார். மலாக்காவுக்கு வந்த புதிதில் நான் அவரிடம் தமிழில் பேசப் போக, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

நான் புத்தகத்தை விவரித்தேன். அட்டை இல்லாதது, மெல்லியது, உள்ளே வரிசை வரிசையாக எண்கள்.

"பூக்கு நொம்போர்?" என்றார். எண் புத்தகமா என்று கேட்கிறார். பிறகு தெருக்கோடியைக் கைகாட்டினார். "ஆ சோங் சுடா அம்பில்." ஆ சோங் எடுத்துப் போய்விட்டார்.

ஆ சோங், தெருக்கோடியில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர். இங்கே நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் பழக்கம் பரவலாக உண்டு. விபத்தில் சிக்கிய காரின் எண், கனவில் வந்த வீட்டின் எண், எதையும் விடமாட்டார்கள். ஒரு பழைய புத்தகம், படிக்க முடியாத எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் தேதியும் எண்ணும். வேறென்னவாக இருக்க முடியும்? தேதிக்கு இரண்டு இலக்கம், மழைக்கு இரண்டு இலக்கம். நான்கு சரியாக வந்துவிட்டது.

புத்தகம் கல்லாவுக்குப் பின்னால், சாமி மாடத்தின் கீழே, ஒரு தட்டில் இருந்தது. சில எண்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். மழைக் கணக்கு என்று நான் மலாயில் விளக்கியபோது அவர் சற்றும் கலங்கவில்லை. மழையும் மேலிருந்து வருகிறது, எண்ணும் மேலிருந்து வருகிறது என்றார். திருப்பித் தர முடியாது என்றார். போன புதன்கிழமை இதிலிருந்து ஒன்று அடித்திருக்கிறதாம். சின்னப் பரிசுதான், ஆனால் புத்தகம் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

இது வேறொருவர் தந்தை எழுதியது, ஒரே பிரதி, வியாழக்கிழமைக்குள் திரும்பிப் போக வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே காப்பி ஆற்றினார்.

அப்போது யாழினி ஆரம்பித்தாள். ஹொக்கியன் என்ற சீன மொழியில். தொழிற்சாலையில் கற்றுக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஒரு மேசையில் உட்கார்ந்து, என் மகள் எனக்குப் புரியாத மொழியில் பேரம் பேசுவதைக் கால் மணி நேரம் பார்த்தேன். நடுவில் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஆ சோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, புத்தகத்தை அவளிடம் கொடுத்தார்.

"என்ன சொன்ன?" என்றேன் வெளியே வந்ததும்.

"அங்கிளுக்குக் கண்ணு சரியில்ல. மூணையும் எட்டையும் குழப்பிக்கிறாரு. ஸ்கேன் பண்ணி, எழுத்தைப் பெருசாக்கி, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்னேன். எண்ணு மட்டும் இருந்தாப் போதுமாம்."

"என்னைப் பார்த்து எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது கான்ட்ராக்ட்ல இல்ல."

அன்றும் மறுநாளும் அறுபத்துநான்கு பக்கங்களையும் படமெடுத்தாள். துருப்பிடித்த கம்பியைக் கழற்றி நூலால் தைத்தாள். பட்டியலில் புதிய பதிவு போட்டு, பக்கங்களையெல்லாம் அதில் ஏற்றினாள். தலைப்பைத் தமிழ் எழுத்தில் அடித்தாள். ழகரம் எந்த விசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். ஆசிரியர் பெயரில் 'ஏ/எல்' போடவில்லை.

6

வியாழக்கிழமை மணியம் அண்ணன் வந்தார். செல்வி தேநீர் கொடுத்தாள். சிவப்பு வட்டங்களை அழிக்க முடியாது. நடந்ததை மறைக்கவும் மனம் வரவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், ழகரம், பெட்டி, பீபிக், காப்பிக்கடை. அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"அடிச்சுச்சா?"

"சின்னதா ஒண்ணு அடிச்சிருக்காம், அண்ணே."

"அப்பா இருந்த வரைக்கும் ஒரு தடவகூட அடிச்சதில்ல." சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "படிச்சீங்களா, தம்பி?" என்றார்.

இரண்டு மாதம் என் வீட்டில் இருந்தது. எண் போட்டிருந்தேன். எந்தத் தட்டு என்று எழுதியிருந்தேன். தொலைத்து, தேடி, மீட்டிருந்தேன். படிக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

அவர் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். அந்த இடத்தில் தாள் பலமுறை தொட்டு மங்கியிருந்தது. தேதி, அதை அடுத்துச் சைபர்.

"இது நான் பொறந்த நாளு. சைபர்னா மழை இல்ல. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். பக்கத்துல ஏதோ போட்டிருக்காரு." தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பா என்னை டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டாரு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தம்பி. யார்கிட்டயும் கேட்கலை. உங்ககிட்ட கொடுத்தா நீங்களா படிச்சுட்டு ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். 'மழை இல்லை. மகன் பிறந்தான். மணி பார்க்க மறந்தேன்.'

அவர் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"கடிகாரம் ரிப்பேர்னாங்க வீட்டுல" என்றார் மெதுவாக. "மணி தெரியாததால எனக்கு ஜாதகமே எழுதல. அம்பது வருஷமா அந்தக் கடிகாரத்தைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவர் ஒவ்வொரு இடமாகக் காட்டினார், நான் படித்தேன். ஒரு நாள் ஒன்றே கால் அங்குலம்: 'துரையின் ஜீப் சேற்றில் மாட்டியது. தள்ளினோம். முதல் முறையாக நன்றி சொன்னார்.' சுதந்திர நாளின் வரியில் மழை அளவு போட வேண்டிய இடம் காலி. பக்கத்தில், 'வானொலி கேட்கப் போய்விட்டேன். மானியைப் பார்க்கவில்லை.' பிழை தேடியே பழகிய கண் எனக்கு. மூன்று ஆண்டுக் குறிப்பையும் அன்று பார்த்துவிட்டேன். கிராணி கணக்கைத் தவறவிட்டது அந்த இரண்டு நாட்கள்தான். ஒன்று நாட்டுக்கு, ஒன்று இவருக்கு. அதைச் சொன்னேன். மணியம் அண்ணன் எழுந்து போய்ச் செல்வியிடம் இன்னொரு தேநீர் கேட்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. நான் கொண்டு வர்றேன், நீங்க படிங்க" என்றார். தனக்குப் படிக்க வராது என்பது அக்காவுக்குத் தெரியாது என்றும், தெரிய வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

7

புக்கிட் காதிலில் லெட்சுமி அக்கா வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சுவரில் சின்னக் கொடி, மேசையில் மீ கோரெங்கும் பாயசமும். லெட்சுமி அக்காவுக்கு எழுபது இருக்கும். தம்பியைக் கண்டதும் புத்தகம் எங்கே என்றுதான் கேட்டார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்தார்.

மணியம் அண்ணன் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடம் அடங்கியது.

"நம்ம தம்பி படிப்பாரு" என்று என்னிடம் நீட்டினார். "பத்திரிகைல இருந்தவரு. படிக்கிறதுன்னா முறையாப் படிக்கணும்."

ஒருவரும் மறுக்கவில்லை. லெட்சுமி அக்கா தன் பக்கத்து நாற்காலியை எனக்குக் காட்டினார். நான் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நல்லவேளை, தம்பி வந்தீங்க. மணியம் புக்கை என் கையில கொடுத்துப் படின்னு சொல்லிருவானோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

இந்தப் பக்கம் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பக்கம் தம்பி மடியில் கையைக் கோத்துக்கொண்டார். முதல் பக்கத்தைத் திறந்து, இருவருக்கும் கேட்கும்படி படிக்கத் தொடங்கினேன்.